நீலகிரி மலைப்பாதை மாடல்: மலையும் பாலமும் கட்டும் முறை

மாடல் ரயில் லேஅவுட்டில் மலை பொம்மை மாதிரித் தெரிவதற்குப் பெயின்ட்டோ மரங்களோ பெரும்பாலும் காரணமில்லை. தட்டையான பிளைவுட் மேசையில் தண்டவாளத்தைப் பதித்துவிட்டு, மீதி இடத்தில் மலையைக் குவிப்பதுதான் காரணம். அப்படிச் செய்தால் மலை முழுவதும் ரயிலுக்கு மேலேதான் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறியவர்களுக்கு நினைவில் நிற்பதோ ஜன்னலுக்குக் கீழே இறங்கும் பள்ளம். மலை முதலில் இருந்தது, ரயில் பிறகு வந்தது என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமானால், தண்டவாளத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் விடுவது என்பதை முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

நீலகிரி மலைப்பாதை இதற்கு மிக நல்ல மாதிரி. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. அந்தப் பகுதியில் தண்டவாளத்தின் நடுவே ஆப்ட் முறைப் பல்சட்டம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்வரிசைச் சட்டம், ஓடும், எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூருக்கு மேலே பல்சட்டம் கிடையாது. அங்கே செங்குத்தான ஏற்றமே சுமார் 25க்கு 1தான். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், சாய்வு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 1:87 அளவுக்கு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்குக்கு, 12 மி.மீ. கேஜுக்கு (கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்). 16.5 மி.மீ. கேஜில் ஓட்டுபவர்களுக்கு மாறும் இடங்களைச் சொல்லியிருக்கிறோம். 1:160 அளவில் கட்டுபவர்கள் கட்டுமான அளவுகளை 0.54ஆல் பெருக்கிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாகக் கொள்வது 240 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலமுள்ள ஒரு பகுதி: ஒரு வளைவு, அந்த வளைவின் மேலேயே கல்தூண்கள் தாங்கும் நான்கு கண் கர்டர் பாலம் (கண் என்பது இரு தூண்களுக்கு இடையே உள்ள பகுதி, கர்டர் என்பது அதன் மேல் கிடக்கும் உத்தரம்), அதையடுத்து ஒரு குகை.

சட்டகமும் சாய்வும்

முழுப் பலகை போட்ட மேசை வேண்டாம். 70 × 20 மி.மீ. மரச்சட்டத்தில் 240 × 75 செ.மீ. அளவுக்கு ஒரு சட்டகம் அடித்து, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். பாலம் வரும் இடத்தில் மட்டும் குறுக்குச் சட்டங்களை 30 செ.மீ. கீழே இறக்கிக் கட்டுங்கள். அந்த இறக்கம்தான் பள்ளத்தாக்கு. 30 செ.மீ. என்பது நிஜத்தில் 26 மீட்டர் ஆழம், கண்ணுக்கு அது போதும். இதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் முடியவே முடியாது. பாலம் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கும்.

தண்டவாளத்தைத் தாங்குவது 12 மி.மீ. பிளைவுட்டில் 60 மி.மீ. அகலத்துக்கு அறுத்த பட்டை. ஈரத்தைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரத்திலேயே வாங்குங்கள், சாதாரண பிளைவுட் ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துவிடும். பட்டையைக் குறுக்குச் சட்டங்களிலிருந்து எழும் நிமிர்ந்த துண்டுகள் தாங்கும், சட்டத்துக்கு ஒன்று. அவற்றை முதலில் கிளாம்ப் போட்டு மட்டும் நிறுத்துங்கள். சாய்வு சரியாக அமைந்த பிறகு திருகு.

சாய்வு எவ்வளவு? நிஜப் பல்சட்டச் சாய்வு 8.3 சதவீதம். மாடலில் பல்சக்கரம் உள்ள எஞ்சின் இல்லாமல் அதை ஏற முடியாது. சாதாரண எஞ்சினுக்கு உச்சவரம்பு 4 சதவீதம், அதுவும் மூன்று பெட்டிகளோடு. குன்னூருக்கு மேலே நிஜ ரயில் பல்சட்டம் இல்லாமல் ஏறுவதும் இதே 25க்கு 1தான், ஆகவே இது பொய்யான அளவு அல்ல. வளைவில் உராய்வு கூடும் என்பதை மறக்கக் கூடாது. இந்த அளவு மாடல்களில் 813ஐ வளைவின் ஆரத்தால், மி.மீ. கணக்கில், வகுத்தால் வரும் எண்தான் அந்த வளைவு கூட்டும் சாய்வின் தோராயச் சதவீதம். 600 மி.மீ. ஆரத்துக்கு அது ஏறத்தாழ 1.4. ஆக 4 சதவீத ஏற்றத்தில் வளைவும் சேர்ந்தால் எஞ்சினுக்கு அது 5.4 சதவீதம். அதனால் வளைவில் 3 சதவீதமாகக் குறைத்து, நேர்ப்பாதையில் 4 வையுங்கள். நிஜ ரயில்பாதை போடுபவர்களும் வளைவில் இப்படித்தான் சாய்வைத் தளர்த்துகிறார்கள்.

தட்டையிலிருந்து ஏற்றத்துக்கு ஒரேயடியாக மாறக் கூடாது. 15 செ.மீ.க்கு 1 சதவீதம், அடுத்த 15க்கு 2, அடுத்த 15க்கு 3 என்று ஏற்றி, பிறகு 4. மேல் முனையிலும் அதேபோல் இறக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மூலைகளில் எஞ்சினின் சக்கரம் தூக்கும், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் கழன்றுவிடும். இந்தக் கணக்கில் 240 செ.மீ.யில் கிடைக்கும் ஏற்றம் 78 மி.மீ.; வளைவில் 70 செ.மீ.யை 3 சதவீதமாக்கினால் அதில் 7 மி.மீ. குறையும்.

அளக்க எளிய வழி: 50 செ.மீ. ரசமட்டத்தின் ஓர் ஓரத்தில் 20 மி.மீ. கட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டை இறக்கத்தின் பக்கம் இருக்கும்படி பாதையில் வைத்து, குமிழி நடுவில் நின்றால் சாய்வு 4 சதவீதம். 15 மி.மீ. கட்டை என்றால் 3. குறுக்கு மட்டமும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் பாருங்கள். மலைப்பாதையில் வண்டி தடம் புரள்வதற்குச் செங்குத்தைவிடக் குறுக்கே முறுக்கிக்கொண்ட பட்டைதான் அடிக்கடி காரணமாகிறது.

4 சதவீதம் 8 மாதிரித் தெரிய வேண்டுமா? தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உண்மையான மட்டக்கோடு ஒன்று இருக்க வேண்டும்: ஒரு கல்சுவரின் வரிகள், ஒரு கேங்மேன் குடிசையின் கூரை, கீழே தண்ணீர். மட்டத்தைப் பார்த்த பிறகுதான் கண் சாய்வை உணரும்.

பல்சட்டத்தைத் தோற்றத்துக்கு மட்டும் வைப்பவர்கள் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டை நடுவில் ஒட்டலாம். நிஜத்தில் பல்சட்டம் தண்டவாளத் தலையைவிட உயர்ந்து நிற்கும். மாடலில் அப்படி வைத்தால் எஞ்சினின் கியர்பெட்டி உரசும், ஆகவே தலைமட்டத்துக்கு அரை மி.மீ. கீழேயே நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகே மலை

பாலம் வரும் இடைவெளியில் தற்காலிகமாக ஒரு பிளைவுட் துண்டை அடியில் இரண்டு பக்கமும் திருகிப் பாதையை முழுதாக்கிக்கொள்ளுங்கள். அதன் மேலே தண்டவாளத்தை ஒட்ட வேண்டாம், சும்மா கிடக்கட்டும். தண்டவாள இணைப்பு எதுவும் பாலத்தின் மேலே வரக் கூடாது. கரையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். மின்கம்பிகளை 90 செ.மீ.க்கு ஒரு ஜோடி வீதம் இப்போதே சால்டர் செய்துவிடுங்கள். மலை எழும்பிய பின் அடியில் கைவிட்டுச் சால்டர் செய்வது வேதனையான வேலை.

பிறகு பல நாள் ஓட்டுங்கள், பெட்டிகளை இழுத்தும் தள்ளியும். தள்ளும்போது லேசான பெட்டி வளைவில் வெளியே தள்ளப்பட்டு ஏறிவிடும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் இந்த அளவுக்குப் பரிந்துரைக்கும் எடை 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 14 கிராம். 150 மி.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ 110 கிராம் வரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இதே கட்டத்தில் இடைவெளியையும் அளந்துவிடலாம். இருப்பதில் மிக நீளமான பெட்டியின் இரு பக்கமும், நடுவிலும் முனைகளிலும் பென்சில் துண்டுகளை ஒட்டிப் பாதை முழுவதும் தள்ளுங்கள். பட்டையிலும் அதன் ஓரத்தில் வைத்த அட்டையிலும் விழும் கோடுகளுக்கு வெளியே 6 மி.மீ. விட்டுத்தான் பாறையோ குகைச்சுவரோ வரலாம். வளைவின் உட்பக்கம் பெட்டியின் நடுப்பகுதியும், வெளிப்பக்கம் முனைகளும் துருத்தும். நேர்ப்பாதைக் கணக்கில் கட்டிய குகையில் பெட்டி சிக்குவது இதனால்தான்.

பாலம்

பாலத்தை மேசையில் தனியாகக் கட்டிக் கொண்டுவந்து நுழைக்கப் போகிறோம். நீலகிரிப் பாதையில் அதிகம் காண்பது கல்தூண்களின் மேல் அமர்ந்த எஃகுத் தகட்டு கர்டர்கள். வளைவின் மேலேயே பாலம் இருக்கும், ஆனால் கர்டர் வளையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் நேரான கர்டர். தூண்கள் வளைவின் மையத்தை நோக்கித் திரும்பி நிற்கும். மேலே தண்டவாளம் மட்டுமே வளையும். கர்டரையே வளைத்துக் கட்டினால் பார்த்த உடனே பொய் தெரிந்துவிடும்.

ஒரு கண் 140 மி.மீ., அதாவது நிஜத்தில் சுமார் 12 மீட்டர். நேரான கர்டருக்கும் வளைந்த தண்டவாளத்துக்கும் நடுவில் வரும் விலகல், கண்ணின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 140 × 140 ÷ 4800 = 4 மி.மீ. இந்த 4ஐ இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்: கண்ணின் நடுவில் தண்டவாளம் 2 மி.மீ. வெளிப்பக்கமாகவும், தூணின் மேல் 2 மி.மீ. உட்பக்கமாகவும் இருக்கட்டும். அப்போது எந்த இடத்திலும் ரெயில் கர்டருக்கு வெளியே போகாது. 12 மி.மீ. கேஜுக்கு இரண்டு கர்டர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 18 மி.மீ. வேண்டும், 16.5 மி.மீ. கேஜுக்கு 22.

தகட்டு கர்டரின் உயரம் கண் நீளத்தில் பத்தில் ஒன்று முதல் பன்னிரண்டில் ஒன்று வரை. 13 மி.மீ. எடுத்துக்கொள்வோம். நிற்கும் தகடு 1 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட்டில், மேலும் கீழும் 5 மி.மீ. அகலப் பட்டை 0.5 மி.மீ. ஷீட்டில். செங்குத்து விறைப்புப் பட்டைகள் 14 மி.மீ.க்கு ஒன்று, ஆக ஒரு முகத்துக்கு 11. நான்கு கண்களுக்கு எட்டு கர்டர்கள், பதினாறு முகங்கள், மொத்தம் 176 துண்டுகள். ஒவ்வொன்றாக அளந்து வெட்டாதீர்கள். ஓர் அட்டையில் நிறுத்துக்கட்டை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்து ஒரே அளவில் நறுக்குங்கள். அரை மி.மீ. நீளமானாலும் மேல்பட்டை தூக்கிக்கொண்டு கர்டர் வளையும்.

ஏ.பி.எஸ். கிடைக்காத ஊரில் 1 மி.மீ. மவுன்ட் போர்டு போதும். வெட்டிய பின் விளிம்புகளில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்ததும் 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால் பிசிறு நிற்காது. ஊறவிடாத அட்டை பெயின்ட் அடித்ததும் உப்பும். இரண்டு கர்டர்களையும் 28 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டகத்தால் இணைத்து, அடியில் எக்ஸ் வடிவில் பட்டை கொடுங்கள். பள்ளத்தாக்கு ஆழமாக இருப்பதால் பார்ப்பவர் குனிந்து கீழிருந்துதான் பார்ப்பார், அந்த அடிப்பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது.

தூண்களுக்குத் தெர்மாக்கோல் வேண்டாம். எக்ஸ்.பி.எஸ். எனப்படும் கெட்டியான நுரைப் பலகையே சரி, வெப்பத்தடுப்புப் பொருள் விற்கும் கடைகளில் 25, 50 மி.மீ. கனத்தில் கிடைக்கும். தூணின் உச்சி குறுக்கே 30, நெடுக்கே 16 மி.மீ. கீழே போகப்போக நான்கு முகமும் 16க்கு 1 என்ற கணக்கில் விரியும். 200 மி.மீ. உயரத் தூணுக்கு அடி 55 × 41 வரும். இந்தச் சரிவு இல்லாத தூண் கான்கிரீட் தூண் மாதிரி ஆகிவிடும்.

கல்வரிகளைக் கவனமாகப் போடுங்கள். வரி உயரம் 4 மி.மீ., கற்களின் நீளம் 6 முதல் 9 மி.மீ. வரை கலந்து. முதலில் கிடைக்கோடுகளை நான்கு முகத்திலும் ஒரே உயரத்தில் சுற்றி வரைந்துகொண்டு, ஈயக்குச்சி போடாத 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையால் அழுத்துங்கள். மேஸ்திரி கல் கட்டும்போது செய்வதையே செங்குத்துக் கோட்டிலும் செய்ய வேண்டும்: மேல் வரியின் இணைப்பு கீழ் வரிக் கல்லின் நடுவில் விழட்டும்; மூலைக்கல் ஒரு வரியில் இந்த முகத்தில் நீளமாகவும், அடுத்த வரியில் அந்த முகத்தில் நீளமாகவும் வரட்டும். மூலையில் கோடுகள் சேராவிட்டால் கல்லாகத் தெரியாது, வால்பேப்பராகத் தெரியும். கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி மேலே மெதுவாக அழுத்தினால் கொத்திய கல்லின் முரடு வரும். பிறகு ஃபெவிகாலில் சாம்பல் நிற அக்ரிலிக் கலந்து ஒரு பூச்சு. ஸ்பிரே பெயின்ட் மட்டும் அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் இந்தப் பலகையைத் தின்றுவிடும், பாதி நாள் வேலை சில நொடியில் குழியாகும்.

உச்சியில் 34 × 20 மி.மீ. அளவில், 4 மி.மீ. கனத்தில் ஒரே கல்லாகப் படுக்கைக்கல். கர்டர் அதன் மேல் நேராக உட்காராது, இடையே 2 மி.மீ. உயரத் தாங்கி உண்டு. அந்தச் சின்ன இடைவெளியில் வெளிச்சம் தெரிவதுதான் பாலத்துக்கு எடையைக் கொடுக்கிறது. தாங்கிக்குக் கீழே கல்லில் துருநிறக் கோடு ஒன்றும், சாந்து கரைந்து வழிந்த வெளிறிய கோடு ஒன்றும் இழுத்துவிடுங்கள், இரண்டும் செங்குத்தாக.

பொருத்தும் வரிசை மேலிருந்து கீழ். தற்காலிகத் துண்டைக் கழற்றி, நான்கு கண்களையும் தண்டவாளத்தின் அடியில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். சாய்வை ரசமட்டத்தால் சரிபார்த்த பிறகு தூண்களைக் கீழிருந்து ஏற்றி, அடியில் அட்டைத் துண்டுகள் செருகி, கர்டரைத் தொடும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூணை முதலில் ஒட்டிவிட்டுக் கர்டரை வைத்தால் நான்கில் ஒன்றாவது அரை மி.மீ. ஏறியோ இறங்கியோ நிற்கும், அந்த இடத்தில் பெட்டி குதிக்கும். பாதை சாய்ந்தாலும் தூண் தூக்குக்குண்டு நூலுக்குச் சரியாக நிமிர்ந்தே நிற்கும், கல்வரிகளும் மட்டமாகவே ஓடும். தூணைப் பாதைக்குச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது பலரும் செய்யும் தவறு. தூணின் அடி 2 செ.மீ. கூடுதல் நீளமாக இருக்கட்டும், அது மண்ணுக்குள் புதையப்போகும் பாகம்.

இந்த வகைப் பாலத்தில் ஜல்லி கிடையாது, ஸ்லீப்பர் கட்டைகள் கர்டர் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். ஃப்ளெக்ஸ் டிராக்கின் (வளைத்துப் போடக்கூடிய மாடல் தண்டவாளம்) ஸ்லீப்பர்களுக்கு இடையே அதே கனத்தில் மரத்துண்டுகளைச் செருகி நெருக்கமாக்குங்கள். ஸ்லீப்பர் இடைவெளியில் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும். இரு கரையிலும் அபட்மென்ட் எனப்படும் கரைச்சுவரை அதே கல்வரியில் கட்டி, பக்கச் சிறகுச்சுவர்களை மலைக்குள் 3 செ.மீ. நுழையவிடுங்கள்.

மலையின் உடல்

எங்கெல்லாம் லேஅவுட்டைக் கழற்றி நகர்த்த வேண்டியிருக்குமோ அங்கே எக்ஸ்.பி.எஸ். அடுக்குகள். நிலையாக இருக்கும் லேஅவுட்டுக்கு அட்டைப் பின்னலும் பிளாஸ்டர் துணியும் மலிவு.

அடுக்கு முறையில் பலகைகளுக்கு இடையே ஃபெவிகாலை முழுதாகப் பூசினால் காற்று புகாது, ஒரு வாரம் ஆனாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். கோடு கோடாகப் போட்டு, மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்துங்கள். ஹாட் க்ளூ அதிகச் சூட்டில் பலகையை உருக்கும், குறைந்த சூட்டுத் துப்பாக்கியே வேண்டும். சாதாரண வெள்ளைத் தெர்மாக்கோலை உள்ளே மறையும் நிரப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அறுக்கும் வேலையை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மணிகள் நிலைமின்சாரத்தால் எல்லாவற்றிலும் ஒட்டி, கடைசியில் எஞ்சினின் கியருக்குள் போய்ச் சேரும். சூடான கம்பியால் அறுத்தால் மணி பறக்காது, புகை வரும். மொட்டைமாடியில் செய்ய வேண்டிய வேலை அது.

பின்னல் முறையில் பெட்டி அட்டையை 25 மி.மீ. பட்டைகளாக வெட்டி, சட்டகத்திலிருந்து பட்டை ஓரம் வரை 5 செ.மீ.க்கு ஒன்றாகச் செங்குத்தாகவும் குறுக்காகவும் பின்னுங்கள். இந்தக் கட்டத்தில் வடிவம் சரியாக வர வேண்டும். நீலகிரியின் சரிவு ஒரே சீரான கூம்பு அல்ல. முதுகுபோல் இறங்கும் கிளைக்குன்று, அதையடுத்து ஓடை வெட்டிய மடிப்பு, மறுபடி ஒரு முதுகு என்று மாறி மாறி வரும். ரயில் முதுகைச் சுற்றி வெட்டுப்பாறை வழியே வந்து, மடிப்பைப் பாலத்தில் கடந்து, அடுத்த முதுகைக் குகையில் துளைக்கிறது. வெட்டு, பாலம், குகை மூன்றுக்கும் இடம் சொல்வது இந்த மடிப்புகள்தான். மடிப்பு இல்லாத இடத்தில் பாலம் வைக்காதீர்கள். பாலத்துக்கு மேற்பக்கம் அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்பது மலையில் தெரிய வேண்டும்.

மேலே போர்த்துவதற்கு மருந்துக்கடையில் எலும்புமுறிவுக்கு விற்கும் பிளாஸ்டர் பேண்டேஜ் நல்லது. 15 செ.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளச் சுருள் ஒன்று இரண்டு மடிப்புக்கு ஏறத்தாழ 0.15 சதுர மீட்டரை மூடும். நம் மலைக்குச் சுமார் 20 சுருள் ஆகும். செலவைக் குறைக்க, பழைய பருத்தி வேட்டியை ஒரு முழத் துண்டுகளாகக் கிழித்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் தோய்த்துப் போர்த்தலாம். பாலியெஸ்டர் கலந்த துணியில் பிளாஸ்டர் பிடிக்காது, காய்ந்ததும் உரியும். கரைக்கும்போது தண்ணீரில் தூளைத் தூவுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள். அளவு இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர். பழைய பிளாஸ்டர் ஒட்டிய கிண்ணத்தில் புதிதைக் கரைத்தால் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். சில சொட்டு வினிகர் அதைத் தாமதப்படுத்தும். கிண்ணம் கழுவிய தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே இறுகும், வாளியில் தெளியவிட்டுக் கசடைக் குப்பையில் போடுங்கள். வேலைக்கு முன் தண்டவாளத்தின் மேல் மாஸ்கிங் டேப்.

குகைக்குள் டர்ன்அவுட், அதாவது பாதை பிரியும் இடம், வைக்காதீர்கள். தடம் புரண்ட பெட்டியை எடுக்க, மலைக்குப் பின்னாலிருந்தோ அடியிலிருந்தோ முழங்கை வரை நுழையும் துளை வேண்டும், 20 × 15 செ.மீ. குறையாமல். வாயிலிலிருந்து 15 செ.மீ. உள்ளே வரை பாறைச்சுவர் தெரியும்படி பிளாஸ்டரில் செய்து, அதற்கப்பால் கறுப்பு அடித்த அட்டை. கெட்டிப்பாறையைக் குடைந்த குகைக்கு அலங்கார வளைவு வாயில் தேவையில்லை, வெட்டிய பாறையின் முரட்டு வாயே போதும்.

பாறை

கடைகளில் கிடைக்கும் பாறை அச்சுகள் பெரும்பாலும் படிவுப்பாறையின் அடுக்குகளைக் காட்டுகின்றன. நீலகிரிக்கு அவை பொருந்தாது. அங்கிருப்பது சார்னோகைட் என்ற கறுத்த, கெட்டியான பாறை. பெரிய வழுவழுப்பான முகங்கள், அங்கங்கே செங்குத்து வெடிப்பு, மேலே செம்மண்ணில் பாதி புதைந்த உருண்டைக் கற்கள். ரயில்வே வெட்டிய இடத்தில் மட்டும் முகம் கூர்மையாக உடைந்திருக்கும்.

ஆகவே அச்சு வேண்டாம், நேராகச் செதுக்கலாம். இறுகிய துணியின் மேல் தண்ணீர் தெளித்து 8–10 மி.மீ. கனத்துக்குப் பிளாஸ்டர் அப்புங்கள். தெளிக்காவிட்டால் அடித்துணி ஈரத்தை உறிஞ்சி, மேற்பூச்சு பொருக்காக உரியும். நகம் பதியும் பதம் வந்ததும் பழைய ஸ்குரூடிரைவரால் மேலிருந்து கீழாக இழுத்துப் பெரிய முகங்களைப் பிரியுங்கள். பக்கத்தில் 20 மி.மீ. உயரக் காகித மனிதன் ஒன்றை நிறுத்திக்கொள்ளுங்கள், அதுதான் அந்த அளவில் ஆள் உயரம். கை தன்னால் சின்னச் சின்ன வெட்டுகளைப் போட்டுக்கொண்டே போகும். அந்த மனிதனைவிட இரண்டு மூன்று மடங்கு உயர முகங்கள் வெறுமையாக இருக்கட்டும்.

ஒரு வெட்டை அருகில் போய்ப் பார்த்தால் தெரிவது இது: அடியில் பாறை, அதன் மேல் 15–20 மி.மீ. பட்டையாகச் செம்பழுப்பு மண், மண்ணின் உதட்டில் வெளியே நீட்டிய வேர்களும் தொங்கும் புல்லும், புல்லின் கீழிருந்து பாறை மேல் வழியும் கறுத்த நீர்க்கோடுகள். கோடுகள் மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே மெலியும். இந்தப் பட்டை இருந்தாலே அது நம்மூர் மலை.

நிறத்துக்கு அடிப்பூச்சு நடுத்தரச் சாம்பலில் கொஞ்சம் பழுப்பு. அறை விளக்கில் எல்லா நிறமும் ஒரு படி இருண்டே தெரியும், அதனால் நிஜப் பாறையைவிட வெளிறிய நிறத்தில் தொடங்குங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கறுப்பு அக்ரிலிக் கலந்து பாறை முழுவதும் ஊற்றுங்கள். வெடிப்பில் அது தங்கும், முகத்தில் வழிந்துவிடும். காய்ந்த பிறகு மறுபடி, மொத்தம் மூன்று முறை. ஒரே முறையில் கெட்டியாகப் பூசினால் புகையடித்த சுவர் ஆகிவிடும். கடைசியில் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் சாம்பலைத் தொட்டு விளிம்புகளை மட்டும் தடவுங்கள்.

மண், மரம், தேயிலை

மண்ணுக்கு மண்ணே சிறந்தது. செம்மண்ணை வாணலியில் சூடாக வறுத்து, பூச்சியும் ஈரமும் போன பின் டீ வடிகட்டியில் சலியுங்கள். பிறகு அதற்குள் ஒரு காந்தத்தைப் பலமுறை ஓட்டுங்கள். மண்ணில் இரும்புத்துகள் இருக்கும். விட்டுவைத்தால் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டு எஞ்சினைக் கெடுக்கும். ஜல்லிக்கும் இதே சோதனை. ஜல்லி 0.6 முதல் 1 மி.மீ. வரை போதும்.

ஒட்டும் கரைசல் ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புத்தண்ணீர் தெளிப்பானால் நனைத்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் கரைசலை விட்டால் துளி உருண்டு மண்ணைச் சுருட்டிக்கொண்டு ஓடும்.

செடிகளை உயரத்துக்கேற்ப மாற்றுங்கள். கல்லாறு பக்கம் பாக்கு மரங்கள், நடுவில் அடர்ந்த பசுமைக்காடு, ஓரங்களில் உண்ணிச்செடி, குன்னூருக்கு மேல் தேயிலையும் சில்வர் ஓக்கும் தைலமரமும், மடிப்புகளில் சோலை. ஒரே லேஅவுட்டில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். நம்முடைய பாலப் பகுதி நடுக்காடு. மேல் முனையில் ஒரு துண்டுத் தேயிலை மட்டும் காட்டலாம். காட்டுக்கு, பழைய மெத்தைப் பஞ்சைத் தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, நான்கு வகைப் பச்சையில் சாயமேற்றிக் காயவையுங்கள். வீட்டுச் சமையல் ஜாரை இதற்குத் தொடாதீர்கள். ஒரே பச்சையில் செய்த காடு பாசி பிடித்தது போலிருக்கும். தேயிலைக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையை 10 மி.மீ. உயரத்தில் வெட்டி, மேல்பக்கம் தட்டையாக விட்டு, சரிவுக்குக் குறுக்கே சமஉயரக் கோட்டில் ஒட்டுங்கள். நடுவே ஆள் நடக்க 6 மி.மீ. வரப்பு. சில்வர் ஓக் நிஜ அளவில் 25 செ.மீ. வரும், அது மலையையே குள்ளமாக்கிவிடும். முன்னால் 14, பின்னால் 8 செ.மீ. என்று குறைத்து வைத்தால் மலை பின்வாங்கும்.

பாலத்தின் கீழே ஓடைக்கு எபாக்ஸி ரெசின் ஊற்றுவதானால் ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழமாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூடு அடியிலுள்ள பலகையை உருக்கும். ஊற்றுவதற்கு முந்தின நாள் ஓடைப்படுகைக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தாலும் இரவோடு இரவாக ரெசின் முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். செங்குத்தான ஓடையில் ரெசின் நிற்காது. அங்கே பாறைக்குப் பளபளப்பு வார்னிஷ் நான்கு பூச்சும், நுரைக்கு வெள்ளை அக்ரிலிக்கில் தோய்த்துப் பிரித்த பஞ்சிழையும் போதும்.

நம்மூர் ஈரத்துக்குச் சட்டகத்தின் அடிப்பக்கமும் பெயின்ட் அடிக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்த பிளைவுட் கட்டாயம் வளையும். பிளாஸ்டர் முழுதாக உலர இரண்டு வாரம் விட்டுப் பிறகு செடி ஒட்டுங்கள். அவசரப்பட்டால் புல்லுக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து உலரவிட்டு மறுபடி ஒட்டலாம். மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் பாலத்தின் இரு முனையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கரைப்பக்க மரம் உப்பி ஏறியிருந்தால் நிமிர்ந்த துண்டின் திருகைத் தளர்த்தி இறக்குங்கள், தூணுக்கு அடியிலுள்ள அட்டையைத் தொடாதீர்கள்.